மகளுக்குப் போட்ட மார்க்கும் நான் கூட்டிய மார்க்கும்

திருச்சிற்றம்பலம்.



போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "என்ன அண்ணே, மகளுக்கு யுனிவர்சிட்டியில மார்க்க குறைச்சுப் போட்டுட்டாங்களாமே, உண்மையா?" நான் சிரிச்சு மழுப்பிட்டேன். அதுக்குள்ள வாட்ஸ்அப்பில் கதை வேற மாதிரி ஓடுது. அதனால நடந்ததை நானே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. கடைசியில் வைகாசி மூலத்துக்கு ஒரு அறிவிப்பும் இருக்கு.

என் மகளை உங்களுக்குத் தெரியும். எட்டு வயசில் நம்ம கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வயலின் வகுப்பில் சேர்ந்தவள். முதல் வயலின் பழசு, 180 வெள்ளி. சிவராத்திரிக்கு நாலு காலப் பூசைக்கும் உட்கார்ந்து தேவாரத்துக்கு வாசிப்பாள். எஸ்.டி.பி.எம். முடிச்சு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்க இடம் கிடைச்சப்போ, "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறா?" என்று சொந்தக்காரங்க கேட்டாங்க. நான் எஸ்.பி.எம்.மோட நின்னவன். பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்று விட்டுட்டேன்.

அங்கே படிப்பு பெரும்பாலும் மேற்கத்திய இசைதான். ஐந்து கோடு போட்ட இசைத்தாளைப் பார்த்த உடனே வாசிக்கணும். காதால் கேட்டே பழகியவளுக்கு முதல் வருஷம் ரொம்பக் கஷ்டம். ராத்திரி போன் போட்டு அழுவாள். ஆனால் விடவில்லை. இரண்டாம் வருஷம் மற்றவங்களுக்குச் சமமா வந்துட்டாள்.

இந்த செமஸ்டரில் மேடை வாசிப்புக்கு என்று ஒரு பாடம். மாணவர் தனக்குத் தெரிந்த மரபிலேயே ஒரு உருப்படி வாசிக்கலாம் என்று பாடக் குறிப்பில் எழுதியிருக்கு. அதை நம்பி இவள் தோடி ராகத்தை எடுத்தாள். முதலில் கொஞ்சம் ஆலாபனை, பிறகு ஒரு கீர்த்தனை. ஆறு வாரம் சாதகம். பரீட்சைக்கு உட்கார்ந்த மூன்று விரிவுரையாளர்களும் மேற்கத்திய இசை படித்தவர்கள். ரிசல்ட் வந்தது. மற்ற பாடமெல்லாம் ஏ, ஏ மைனஸ். இதில் மட்டும் சி பிளஸ்.

மார்க்குத் தாளைப் பார்க்கக் கேட்டிருக்கிறாள். அதில் இரண்டு வரி. சுருதி நிலையாக இல்லை, சுரங்கள் ஆடுகின்றன, வழுக்குகின்றன. முதல் பகுதிக்கு எழுதிய இசைத்தாள் கொடுக்கவில்லை.

இசை தெரிஞ்சவங்க இந்த இடத்தில் சிரிப்பீங்க. தெரியாதவங்களுக்காக, வயலின் வாத்தியார் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம், நேரா நிக்கும். நம்ம இசையில் சுரம் பக்கத்து சுரத்தைத் தொட்டு, அசைஞ்சு, வளைஞ்சு வரும். அதுக்குப் பேரு கமகம். தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேரா பிடிச்சா அது தோடியே இல்லை. ஆலாபனை அந்த நேரத்தில் மனசில் வருவது, அதைத் தாளில் எழுதி வச்சு வாசிக்கிற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. ஆக, தோடியைத் தோடியா வாசிச்சதுக்குத்தான் மார்க்கு குறைஞ்சிருக்கு. "சங்கராபரணத்தில் ஒரு நோட்டுஸ்வரம் வாசிச்சிருந்தா ஏ கிடைச்சிருக்கும்" என்றார் வாத்தியார். வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு எழுதியிருக்கிறாரே, அந்த வகை. வயலினே அங்கிருந்து வந்த வாத்தியம்தான். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி காலத்திலேயே நம்ம மேடைக்கு வந்து, 200 வருஷமா நம்ம மாதிரி பேசப் பழகிடுச்சு.

ஒரு சி பிளஸுக்கு இவ்வளவு ஆட்டமா என்று நினைக்காதீங்க. முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம். இந்த ஒரு கிரேடு மொத்தப் புள்ளியைக் கீழே இழுத்துடுச்சு. நான் ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான் இருக்கு. அந்தக் கடன் எங்க வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில் தூங்காமல் உட்கார்ந்து பெரிய பதிவு ஒன்னு எழுதினேன். பல்கலைக்கழகத்தின் பேரு, விரிவுரையாளர் பேரு எல்லாம் போட்டு, "நம்ம பிள்ளைன்னுதானே இப்படிப் பண்றாங்க" என்று எழுதினேன். கமிட்டியில் ஒருத்தர், "ஒய்.பி. கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றார். நானும் சரின்னுட்டேன்.

அன்றைக்கு மகள் பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தாள். பதிவைக் காட்டினேன். படிச்சாள். போனைத் திருப்பிக் கொடுத்துட்டு, "அப்பா, அந்த மூணு பேருக்கும் என்மேல ஒரு கோபமும் இல்ல. அவங்களுக்குத் தோடி தெரியாது, அவ்வளவுதான். தெரியாதுன்னு சொல்லாம மார்க்கு போட்டாங்க பாருங்க, தப்பு அங்கதான்" என்றாள்.

முப்பது வருஷமா பேக்டரியில் அளவு பார்க்கிற வேலையில் இருக்கிறவன் நான். அவள் சொன்னது உடனே புரிஞ்சுது. எங்க லைனில் ஒவ்வொரு அளவுக்கருவிக்கும் சரிபார்த்த தேதி போட்ட ஸ்டிக்கர் இருக்கும். தேதி தாண்டிய கருவியை நான் கையில் தொட விடமாட்டேன். எந்தக் கருவி எந்தப் பொருளுக்கு என்று பட்டியலும் இருக்கும். தப்பான கருவியால் அளந்தால் நல்ல பொருள் ரிஜெக்ட் பெட்டிக்குள் போயிடும், அளந்தவன் மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே.

நான் இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அவள் கேட்டாள். "அப்பா, அந்தத் தேவாரப் போட்டி ஞாபகம் இருக்கா? பல்லு விழுந்த அந்தப் பையன்?"

நான் பதில் சொல்லவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நம்ம கோயிலில் சம்பந்தர் குருபூசை அன்றைக்கு நடந்த போட்டி. நான்தான் மைக் பிடிச்சேன், மார்க்கு கூட்டியதும் நான்தான். என் மகள் பக்கத்தில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பத்து வயசுப் பையன் ஒருத்தன் வந்து பாடினான். தோட்டத்தை வித்த பிறகு பிளாட்டுக்குக் குடிவந்த குடும்பம். பாட்டியிடம் கற்றுக்கொண்ட பதிகம். நம்ம வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பண்ணில் அவன் பாடவில்லை, தோட்டத்துக் கோயிலில் பாடி வந்த மெட்டில் பாடினான். ஒரு எழுத்து பிசகவில்லை. கண்ணை மூடிக்கிட்டுப் பாடினான். சமையல்கட்டில் இருந்த அம்மாக்கள் எட்டிப் பார்த்தாங்க.

மார்க்குத் தாளில் "பண்" என்று ஒரு கட்டம் உண்டு, 30 மார்க்கு. நடுவர் ஒருத்தர் அதில் பூஜ்யம் போட்டிருந்தார். மற்ற கட்டங்களில் அவன்தான் எல்லாரையும் விட அதிகம். கூட்டும்போது என் பேனா அந்தப் பூஜ்யத்தில் நின்னுச்சு. நடுவரைப் போய்க் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசிச்சேன். அன்னதானத்துக்கு நேரமாச்சு, கேட்கவில்லை. கூட்டல் சரியாத்தான் இருந்தது. அவன் ஏழாவது.

அவன் அப்பா பிறகு என்கிட்ட வந்து மெதுவா கேட்டார். "அண்ணே, பையன் எதுல விட்டான்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் சரி பண்ணிக்குவோம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நடுவர் தீர்ப்பே இறுதியானது." அவ்வளவுதான். தாளைக் காட்டவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பையன் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னன்னா, அன்றைக்குப் போட்டி தொடங்கும் முன் மைக்கில் நான் சொன்ன கதை யாழ்முரி. பெரிய புராணத்தில் வருமே. சம்பந்தர் பதிகத்தின் பெருமையெல்லாம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசிப்பால் வந்தது என்று தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள் சொன்னாங்க. பாணர் மனம் நொந்து, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரைக் கேட்டுக்கொண்டார். அவர் பாட, யாழில் வாசிக்க முடியவில்லை. பாணர் யாழை உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்து, வந்த அளவுக்கு வாசியுங்கள் என்றார். கருவிக்குள் பாட்டு அடங்கவில்லை என்றதும் பாணர் பாட்டைக் குறை சொல்லவில்லை. இதை மைக்கில் உருக்கமா சொல்லிட்டு இறங்கி வந்து, கட்டத்துக்குள் அடங்காத பாட்டுக்குப் பூஜ்யத்தைக் கூட்டினவன் நான்.

எழுதிய பதிவை அழிச்சேன். ஒய்.பி. விஷயத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டேன். மகள் ஒரே பக்கத்தில் மேல்முறையீடு எழுதினாள். பாடக் குறிப்பில் என்ன எழுதியிருக்கு, மார்க்குத் தாளில் என்ன எழுதியிருக்கு, கமகம் என்றால் என்ன, கர்நாடக இசை தெரிந்த ஒருவர் பரீட்சை வீடியோவைப் பார்க்கட்டும், அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. கட்டணம் கட்டி அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கூட்டலில் தவறில்லை, கிரேடு மாறாது. துறைத் தலைவர் மட்டும் அவளைக் கூப்பிட்டு, இனி மரபு இசை வாசிக்கும் மாணவருக்கு அந்த இசை தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைக்கப் பார்க்கிறோம் என்றாராம். "பார்க்கிறோம்" என்ற வார்த்தையின் எடை பேக்டரியில் வேலை செய்தவனுக்குத் தெரியும். ஆக, சி பிளஸ் சி பிளஸ்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். மகள் மறுநாளே வயலினை எடுத்துட்டாள்.

"கூட்டலில் தவறில்லை" என்று அந்தக் கடிதத்தில் படிச்சப்போ, அந்தப் பையனோட அப்பா முகம்தான் எனக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விசாரிச்சு அந்த வீட்டுக்குப் போனேன். பையனுக்கு இப்ப பதினாலு வயசு, என்னை விட உயரம். அவங்க அப்பா தேத்தண்ணி கொடுத்தார். நான் பழைய மார்க்குத் தாளை எடுத்து வச்சு, இந்த இடத்தில் நான் கேட்டிருக்கணும், கேட்கல, மன்னிச்சுக்குங்க என்றேன். "பரவாயில்ல அண்ணே, அதெல்லாம் மறந்தாச்சு" என்றார். பையன் தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். மறக்கவில்லை என்று எனக்குத் தெரிஞ்சுது. பாட்டி போய் இரண்டு வருஷம் ஆச்சாம். அந்த மெட்டு இப்ப வீட்டில் வேற யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் வந்து பாடுறியாப்பா என்று கேட்டேன். "பார்க்கலாம் அங்கிள்" என்றான்.

இனி அறிவிப்பு. வைகாசி மூலம் தேவாரப் போட்டிக்குக் கமிட்டி ஒத்துக்கொண்ட மாற்றங்கள்: மார்க்கு குறைக்கிற நடுவர் காரணத்தை ஒரு வரி எழுதணும். பெற்றோர் கேட்டால் தாளைக் காட்டுவோம். நம்ம வகுப்புப் பண்ணில் பாடாமல் குடும்ப வழியில், தோட்டத்துக் கோயில் வழியில் வந்த மெட்டில் பாடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு. அதற்கு "பண்" கட்டம் கிடையாது. தோட்டத்தில் பாடிப் பழகிய பெரியவர் ஒருவர் நடுவராக உட்காருவார். பேரு கொடுக்க வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு அர்ச்சனைச் சீட்டு மேசையில் என்னைப் பாருங்க.

வீட்டில் தாத்தா பாட்டி பாடின மெட்டு ஞாபகம் இருக்கிறவங்க தயங்காமல் வாங்க. கூட்டுறது இந்த வருஷமும் நான்தான். ஒரு பூஜ்யம் கண்ணில் பட்டால், அன்னதானம் தாமதமானாலும் பரவாயில்லை, எழுந்து போய்க் கேட்டுடுவேன்.

திருச்சிற்றம்பலம்.