ரெண்டு நாள் குளிசை

எங்கட பக்கத்துப் பாமசிகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "அண்ணை, தடிமனுக்கு ரெண்டு நாளைக்கு அமொக்சிலின் தாங்கோ." டொக்டரின் துண்டு எங்கே என்று சிலர் கேட்பார்கள், சிலர் கேட்பதில்லை. சட்டப்படி கேட்கத்தான் வேணும்.

தடிமன் வைரசால் வருவது. அமொக்சிலின் அதை ஒன்றும் செய்யாது. ஒரு கிழமையில் தடிமன் தானாகவே மாறிவிடும், பேர் மட்டும் குளிசைக்கு! ஆனால் குளிசை சும்மா இருக்காது. குடலில் சிவனே என்று கிடக்கும் பக்டீரியாக்களில் மருந்துக்கு ஈடுகொடுக்க முடியாதவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகும். அந்த எதிர்ப்பு மரபணுவை வேறு இனப் பக்டீரியாக்களுக்கும் கைமாற்றும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், போதாத அளவில் மருந்தெடுப்பதன் ஆபத்தை 1945 நொபெல் உரையிலேயே சொல்லிவிட்டார்.

எங்களை உறுத்துவது, இதற்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வேறொருவர் என்பதுதான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், கீமோ எடுக்கும் அம்மம்மாவுக்கும் கிருமி தொற்றினால் அன்டிபயோட்டிக் வேலை செய்தே ஆகவேணும். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்ததாக லான்செட்டில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

அதற்காகக் குளிசை வாங்குகிறவரை மட்டும் ஏசவும் மனம் வரவில்லை. ஓபிடி வரிசையில் அரைநாள் நின்றால் அன்றைய கூலி போய்விடும். துண்டில்லாமல் தரக்கூடாதுதான். ஆனால் வேலை முடிஞ்சு அவர் வரும் ஏழு மணிக்கு எங்கட சந்தியில் திறந்திருப்பது பாமசி மட்டும்தான்.