பெட்டி குடிக்கும் தண்ணீர்

பைக் சைடு பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று வருகிறவர்கள் எல்லோரும் மூடியைத்தான் காட்டுவார்கள். நான் பெட்டியைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, முதுகைப் பார்ப்பேன். கேரியரோடு பெட்டியைப் பிணைக்கிற போல்ட்டும் ரிவெட்டும் இருக்கிற பக்கம் அது. ரிவெட் தலைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று வழிந்திருந்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். சாதாரண பாப் ரிவெட்டின் உடம்பு அலுமினியம், நடுவில் இழுபடுகிற கம்பி இரும்பு. கன் வைத்து இழுத்ததும் கம்பி ஒடிந்து, அதன் தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்க அடைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அது நடுவில் துரு பிடிக்கிற ஒரு குழாய். பழுப்புக் கோடு அந்தத் துருதான். வண்டிக்காரர் மூடிக்கு ரப்பர் மேல் ரப்பராக ஒட்டியிருப்பார், தண்ணீர் இந்தக் குழாய் வழியே நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். முனை மூடிய ரிவெட் என்று ஒரு வகை கடையில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட என்பதால் பலர் வாங்குவதில்லை.

எங்கள் ஓசூரில் இந்தப் பெட்டி வேலை புதிது இல்லை. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இந்த ஊரிலிருந்து கிளம்பிய நாளிலிருந்தே வண்டியைச் சுற்றித்தான் இங்கே தகடு வளைகிறது. முன்பெல்லாம் சைடு பாக்ஸ் கேட்டு வந்தவர்கள் மருந்துக் கம்பெனி ரெப்களும், சிப்காட்டில் மெஷின் சர்வீஸுக்குப் போகிறவர்களும்தான். பூட்டு வைத்த ஃபைபர் பெட்டி ஒன்று இருந்தால் போதும், மழைக்கு உள்ளே ஒரு பாலித்தீன் கவர் போட்டுக்கொள்வார்கள், புகார் கிடையாது. இப்போது அத்திப்பள்ளி தாண்டி சனிக்கிழமை காலையில் பெங்களூரு வண்டிகள் வருகின்றன. ஹிமாலயன் வருகிறது. இதே ஊர் டிவிஎஸ் ஆலையில் உருவாகி பிஎம்டபிள்யூ பெயரில் உலகம் சுற்றிய ஜி 310 ஜிஎஸ் வருகிறது. அதில் மாட்டிய இறக்குமதிப் பெட்டி ஒழுகினாலும் சரி, புதிதாக அலுமினியத்தில் செய்ய வேண்டுமானாலும் சரி, லேசர் கட்டிங், பெண்டிங், ஆர்கான் வெல்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் சிப்காட்டுக்கும் சிட்கோவுக்கும் இடையில் முடிந்துவிடும். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான். "அண்ணா, வாட்டர்ப்ரூஃப் கேரண்டி தருவீங்களா?"

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கிருஷ்ணகிரி ரோட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500. மே மாத மதியத்தில் இங்கே வண்டியை வெயிலில் விட்டால் கறுப்புப் பெட்டிக்குள் 60 டிகிரி வரை சூடு ஏறும். உள்ளே இருக்கிற காற்று விரிந்து, ரப்பரை நெக்கிக்கொண்டு கொஞ்சம் வெளியே போய்விடும். மூன்று மணிக்கு வண்டியை எடுக்கிறோம், சூளகிரி தாண்டும்போது இடிமழை பிடித்துக்கொள்கிறது. கொட்டுகிற மழையில் தகடு சீக்கிரமே 25 டிகிரிக்கு வந்துவிடும். உள்ளே மிச்சமிருக்கிற காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கூடவே, ரோடு இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது. 37 லிட்டர் பெட்டி என்றால் சுமார் 5 லிட்டர் காற்று எப்படியாவது உள்ளே வந்தாக வேண்டும். பெட்டி அதை எங்கிருந்தாவது இழுக்கும். இழுக்கிற இடத்தின் வாயில் மழைத் தண்ணீர் நின்றால் காற்றுக்கு முன்னால் அதுதான் உள்ளே போகும்.

அதாவது தண்ணீர் தானாக உள்ளே நுழைவதில்லை, பெட்டிதான் குடிக்கிறது. இறுக்கமாகச் செய்யச் செய்ய இன்னும் பலமாகக் குடிக்கும். காற்றே புகாத பெட்டி ஒன்றைச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டருக்கு 25 என்ற அளவில் மூடி இருந்தால், அந்தச் சூட்டிலிருந்து இந்தக் குளிருக்கு வரும்போது வெளிக்காற்று அந்த மூடியை 90 கிலோவுக்கு மேல் எடை ஏறி நிற்பது போல அமுக்கும். ஒன்றரை மில்லி தகடு அதைத் தாங்கிக்கொண்டு நேராக நிற்காது. நடுவில் குழியும், விளிம்பில் எங்கோ ரப்பரை விட்டு எழும்பும். ஒரு மயிரிழை போதும்.

"ஐபி 67 கிடைக்குமா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அந்த 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்து எடுத்தாலும் கெடுதல் வரக் கூடாது. பெரிய சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையின் விதியிலேயே, தண்ணீரின் சூடும் பொருளின் சூடும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்று இருக்கிறது. பெட்டியை வெயிலில் காய்ச்சி, குளிர்ந்த மழையில் நனைத்து, அதே நேரத்தில் ஒற்றை சிலிண்டர் எஞ்சினால் உலுக்குகிற சோதனை அது அல்ல. நம் ரோட்டில் நடப்பதோ இந்தக் காய்ச்சலும் நனைப்பும் உலுக்கலும்தான்.

உலுக்கலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஒழுகுவதும் உடைவதும் ஒரே நோய். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி பக்கம் காட்டு ரோட்டில் போய்த் திரும்பிய பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். விரிசல் எப்போதும் போல்ட் துளையின் ஓரத்தில்தான் பிறக்கும். முதலில் பவுடர் கோட்டிங்கில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. தடவினால் கையில் படாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அடுத்த பயணத்தில் அது அடுத்த துளையைத் தேடிப் போகும். விரிசல் விட்ட தகடு ஒவ்வொரு குழியிலும் வாயைத் திறந்து மூடும். பின்சக்கரம் அள்ளி வீசுகிற சேற்றுத் தண்ணீர் நேராக அந்த வாயில்தான் அடிக்கிறது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இதற்கு மருந்து ஆகாது.

விரிசல் மேல் ஆர்கான் வைத்து அடைத்துத் தரச் சொல்வார்கள். கூடுமானவரை அதைத் தவிர்ப்பேன். பெட்டிக்கு நாங்கள் போடுகிற 5052 ரக அலுமினியத் தகட்டின் பலத்தில் பெரும்பகுதி, ஆலையில் குளிர் நிலையில் உருட்டியதால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் அந்தப் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பார்வைக்கு வெல்டிங் கோடு அழகாக இருக்கும், அதை ஒட்டிய தகடு மெழுகாகிப் போயிருக்கும். அடுத்த விரிசல் அங்கேயே வரும். அதனால் துளையின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாங்கு தகடு வைத்து, நடுவில் ரப்பர் புஷ் கொடுத்து, சுமை ஒரு துளை மேல் விழாமல் பரவும்படி செய்வதுதான் என் வழக்கம்.

வலது பெட்டி இடதை விடச் சீக்கிரம் உடைவதை ரொம்ப நாள் கவனித்திருக்கிறேன். காரணம் சைலன்சர். நம் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் வலப்பக்கம், சேலை கார்டு இடப்பக்கம். உட்கார்ந்து வருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதுகாப்பு வேண்டும் என்று 1989-ம் வருட மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. சைலன்சரைச் சுற்றிக்கொண்டு போக வலது கேரியர் வெளியே தள்ளி வரும். பெட்டி எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு நெம்பும். போதாததற்கு அடியிலிருந்து சூடு வேறு. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெட்டி இருந்தால்தான் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று வாதாடுகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வலது பெட்டி ஒடுக்கமாகத்தான் இருக்கும், சைலன்சருக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடும் இருக்கும். வேண்டாம் என்றால் வேறு கடை பார்க்கலாம்.

மூடி ரப்பரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பீடிங் கடையில் மலிவாகக் கிடைக்கிற ஸ்பாஞ்ச் ரப்பரைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு அமுக்கிப் பாருங்கள். கனத்து மூழ்கினால் அது தண்ணீரை உறிஞ்சுகிற ரகம், பெட்டிக்கு ஆகாது. கார் கதவுக்கு வருகிற இபிடிஎம் ரப்பர் வெயிலைத் தாங்கும். அதுவும் ஒரே அழுத்தத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் படுத்துவிடும், திரும்ப எழும்பாது. வண்டி வீட்டில் நிற்கிற நாளில் டாகிள் லாக்கைத் தளர்த்தி வைப்பது ரப்பருக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

ரப்பர் எங்கே தொடவில்லை என்று பார்க்க சாக்பீஸ் ஒன்று போதும். பெட்டியின் விளிம்பு முழுக்கத் தேய்த்து, மூடியைப் பூட்டித் திறந்தால், ரப்பரில் வெள்ளைக் கோடு விழும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே வழி. கப்பலில் சரக்கறை மூடிகளையும் இப்படித்தான் சாக்பீஸ் பூசிச் சோதிக்கிறார்கள். சைடு பாக்ஸில் கோடு அறுவது பெரும்பாலும் மூலையில் இல்லை, இரண்டு லாக்குகளுக்கு நடுவில். லாக் முனைகளை இழுக்க, நடுத் தகடு மேலே வளைந்துகொள்கிறது. உடனே இன்னும் பலமான லாக் கேட்பார்கள். பலமான லாக் இன்னும் வளைக்கும். மூடியில் இரண்டு அழுத்துவரி ஓட்டி விறைப்பாக்கினால் பழைய லாக்கே போதும். ரப்பரின் இரண்டு முனைகள் சேருகிற இடத்தைக் கீல் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். முன்பக்கம் வைத்தால் ஓடும்போது எதிர்மழை அதில்தான் குத்தும். நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் தூசு இல்லாத ரோடு எது? அந்தத் தூள் ரப்பரில் படிந்து, உலுக்கலில் உப்புத்தாள் போல விளிம்பை ராவிக்கொண்டே இருக்கும். ஈரத்துணியால் துடைக்க அரை நிமிடம்கூட ஆகாது, ஒருவரும் துடைப்பதில்லை.

சிலிகான் பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் காயும்போது அமிலத்தை விடுகிறது. பாப் ரிவெட்டின் இரும்புக் கம்பி மேல் அதைப் பூசினால் துருவுக்கு நாமே விருந்து வைக்கிறோம். வாடை இல்லாத நியூட்ரல் ரகம் வாங்குங்கள். துளை போடுகிற வேலை ஏதும் இருந்தால் பவுடர் கோட்டிங்குக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். கோட்டிங் மேல் ட்ரில் போட்டால் அந்த வெட்டு விளிம்பிலிருந்து பெயிண்ட் அடியோடு புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு போகும்.

சரி, குடிக்கிற பெட்டிக்கு என்ன செய்வது? காற்றுக்குத் தனி வழி விட வேண்டும். கேமரா, கருவிகள் வைக்கிற பெலிக்கன் பெட்டிகளில் அழுத்தத்தைச் சமப்படுத்துகிற வால்வு இருப்பது இதற்காகத்தான். மின்வண்டி பேட்டரிப் பெட்டிகளிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வென்ட் வைப்பார்கள். அதற்குள் இருக்கிற டெஃப்லான் சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. ஏதர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்த பிறகு அந்த வென்ட் நம் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படுகிறது. ஒன்று வாங்கி, மூடியின் விளிம்புக்கு அடியில், சக்கரத் தண்ணீர் அடிக்காத முன்பக்க மேல்மூலையில் வைக்கிறேன். அதற்குப் பிறகு காற்று அந்த வழியில் போய் வரும், ரப்பருக்கு மழைத்துளியைத் தடுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். இவ்வளவும் செய்தாலும் லேப்டாப்பையும் ஆர்.சி. புத்தகத்தையும் சுருட்டி மூடுகிற உள் பைக்குள் வைக்கத்தான் சொல்கிறேன். ரெப்கள் அன்று போட்ட பாலித்தீன் கவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

வென்ட் வைத்துக் கொடுத்த பெட்டி ஒன்று முதல் மழைக்கே திரும்பி வந்தது. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர். வென்ட் மேல் எம்-சீல் அழகாக, விரல் ரேகையோடு அப்பியிருந்தது. "சின்னதா ஓட்டை விட்டிருந்தீங்கண்ணா, நானே அடைச்சிட்டேன்" என்றார் வண்டிக்காரத் தம்பி. அதிலிருந்து வென்ட் பக்கத்தில் 'ஏர்' என்று பஞ்ச் குத்தி அனுப்புகிறேன். போன மழையில் ஒருவர் அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார், லடாக் வரைபடம் போட்ட ஸ்டிக்கர்.