சோறு போடும் கம்ப்யூட்டரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

ராஜபாளையத்தில், சத்திரப்பட்டி ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அப்பாவுக்கு அது தொழில். மகனுக்கு அது விளையாட்டு.

பகலில் மில் ஒன்றில் கணக்குப் பார்க்கும் அப்பா, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, பேண்டேஜ் துணி நெய்யும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு டேலியில் வரவு செலவு ஏற்றி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறார். மாதம் 11-ம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20-ம் தேதிக்குள் இன்னொன்று. கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் மகனின் காலேஜ் ஃபீஸில் பாதி அந்த வருமானத்தில்தான் போகிறது.

கம்ப்யூட்டர் ஒன்றும் புதுசல்ல. ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனி கழித்துவிட்ட பிராண்டட் பெட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். டேலிக்கு அது தாராளம். ஆனால் ஜிடிஏ 5 போட்டால் கார் நாலு அடி ஓடும், ஒரு நொடி நிற்கும், மறுபடி ஓடும். காரணம் எளிது. அந்தப் பெட்டியில் படம் வரைவதற்கென்று தனி ஆள் கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் பகுதி, ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு சமாளிக்கிறது. அந்த வேலையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, சொந்த மெமரியோடு செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

பொங்கல் காசு, லீவில் ஜெராக்ஸ் கடையில் நின்று வாங்கிய சம்பளம் எல்லாம் சேர்த்து மகன் கையில் ஏழாயிரம் ரூபாய் இருந்தது. பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டான்.

"ஏய்யா, வெளையாடுறதுக்கு ஏழாயிரமா?" என்றார் அம்மா.

அப்பாவின் கவலை வேறு. அப்போது மார்ச் மாதம். "அது அவன் காசு, நான் கேக்கல. ஆனா பெட்டியைத் தொறந்து ஏதாவது ஆச்சுன்னா, பத்து கம்பெனி கணக்கு போச்சு. அப்புறம் நான் யார் முகத்துல முழிக்கிறது?"

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்பது. அவர் சரி என்றால் சரி.

காலேஜ் பஸ் எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் வரும். அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். ஒரு சாயங்காலம் மகன் இறங்கி, பால்கோவா கடைகளைத் தாண்டி மாடியேறிப் போனான். கார்டின் பெருமையை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை மாமா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்?"

மகன் போனில் எடுத்து வைத்திருந்த ஸ்டிக்கர் படத்தைக் காட்டினான். 290 வாட்.

மாமா பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிராசஸர் 84 வாட். ஆர்எக்ஸ் 580 கார்டு மட்டும் 185 வாட். கூட்டினால் 269. ஹார்டு டிஸ்க், ஃபேன், மதர்போர்டு எல்லாம் இன்னும் பாக்கி. ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில், கொள்ளளவின் விளிம்பில் தினமும் ஓடும் பழைய எஸ்.எம்.பி.எஸ். எத்தனை நாள் தாங்கும்? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். என்றால் போகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். அப்பா பயந்தது சும்மா இல்லை.

"அதுக்கு எட்டு பின் கனெக்டர் வேணும். உன் பெட்டியில அந்த ஒயரே கிடையாது. ஹார்டு டிஸ்க் ஒயர்ல இருந்து இழுத்துக் குடுக்குற அடாப்டர் விக்கிறாங்க. அதை வாங்கிராத, சூடாகி உருகிரும்" என்றார். பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாட்டலாமே என்றால், அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. இந்த மாதிரி பிராண்டட் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் பின் அமைப்பே வேறு. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேராகப் பொருந்தாது.

"ஆனா மாமா, அதுல 8 ஜிபி இருக்கு. நீங்க சொல்றதுல 4 ஜிபிதானே?"

மாமா காட்டியது ஜிடிஎக்ஸ் 1650. 2019-ல் வந்த கார்டு. மொத்தமே 75 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால், தனி மின் ஒயர் தேவையில்லாத மாடல்கள் இதில் உண்டு. சில மாடல்களில் ஆறு பின் கனெக்டர் இருக்கும் என்பதால், படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 580 இதைவிட வேகமானது என்பதை மாமா மறுக்கவில்லை. "வேகம் கார்டுல மட்டும் இல்ல மாப்ளே, அதுக்குச் சோறு போடுற இடத்துல இருக்கு" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கிரிப்டோ நாணயம் 'தோண்டுவதற்காக' கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓடவிட்ட காலம் ஒன்று இருந்தது. 2021-ல் புதுக் கார்டு கிடைப்பதே குதிரைக்கொம்பு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அப்படி உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. ஆர்எக்ஸ் 580 அந்த வேலைக்குப் பேர்போனது. எல்லாமே கெட்டதல்ல, ஆனால் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கேள்வி கரன்ட் பில்லைப் பற்றியது. மகன் இந்தமுறை தயாராக இருந்தான். தினம் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் ஆடினாலும், 75 வாட் கார்டு இரண்டு மாதத்தில் எடுப்பது 13.5 யூனிட். 185 வாட் கார்டு என்றால் 33 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலைப்பட்டியலே மாறும் என்பது அந்த வீட்டில் அம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். "மூணு மணி நேரமா?" என்று மட்டும் கேட்டார்.

"இது வெறும் வெளையாட்டுச் சாமான்தானா?" என்று அப்பா கேட்டபோது, மகன் 2012-ல் நடந்ததைச் சொன்னான். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் சேர்ந்து, படங்களைப் பார்த்து இன்னதென்று அடையாளம் சொல்லும் 'அலெக்ஸ்நெட்' என்ற நிரலை உருவாக்கினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கங்களில் ஒன்று அது. அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள். கேம் ஆடுவோருக்காகக் கடைகளில் விற்கப்பட்டவை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 'சாமான்' என்ற சொல் வரவில்லை.

ஏப்ரல் 20-ம் தேதி ரிட்டர்ன் எல்லாம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். முதல் வேலை, டேலி டேட்டா முழுவதையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அடுத்து, மின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே பஞ்சு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர் இது. தெருவில் தறி ஓடினால் வீட்டுக்குள் பொடி வரத்தான் செய்யும். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் அது மெத்தை மாதிரி படிந்து, காற்று போகும் வழியையே அடைத்திருந்தது. ஃபேன் சுற்றிவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷாலும் புளோயராலும் அரைமணி நேரம் சுத்தம் செய்தார்கள். "புதுக் கார்டு மாட்டுறதுக்கு முன்னாடியே உன் கம்ப்யூட்டர் பாதி சரியாயிருச்சு" என்றார் மாமா.

கார்டு ஸ்லாட்டில் 'கிளிக்' என்று உட்கார்ந்தது. அப்போதுதான் அடுத்த சிக்கல். அவர்களுடையது விஜிஏ மானிட்டர். இந்தக் கார்டில் விஜிஏ கிடையாது. மாமா பையிலிருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டரை எடுத்தார். கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகச் சொன்னார். கார்டு வாங்கியும் வேகம் வரவில்லை என்று தன் கடைக்கு வருகிறவர்களில் சிலர், பழைய இடத்திலேயே கேபிளைச் செருகியிருப்பார்களாம்.

அப்பா தன் பங்குக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி வைத்திருந்தார். அதுவும் மாமாவின் யோசனைதான். விண்டோஸையும் டேலியையும் அதற்கு மாற்றியதும், டீ குடித்துவிட்டு வரும்வரை திறந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர், டீ ஆற்றுவதற்குள் திறந்தது. அப்பா இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

ஜிடிஏ 5 ஓடியது. எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைக்க முடியவில்லை. நடுவாக வைத்தால் கார் நிற்காமல் போகிறது. மகனுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது அந்த வீட்டில் சில ஏற்பாடுகள் உண்டு. மாதம் பத்து, பதினொன்று, பிறகு பதினெட்டு முதல் இருபது வரை கேம் கிடையாது. ஞாயிறுதோறும் டேலி பேக்கப் எடுப்பது மகன் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கரன்ட் பில் வரும் வாரத்தில், பெட்டியைத் திறந்து பஞ்சு எடுப்பதும் அவன்தான். கேட்காமலே செய்கிறான்.

போன மாதம் 20-ம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா கடைசி ரிட்டர்னை அனுப்பி முடித்தார். டேலியை மூடினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"என் கடை அடைச்சாச்சு. உன் கடையைத் தொற."