ஆறாம் மாடிக்காரரின் பிளக் பாயின்ட்

ஹூஸ்டன். 2024 ஜூலை 10, புதன்கிழமை. பெரில் புயல் கரையேறி மூன்றாம் நாள். காற்று எப்போதோ அடங்கிவிட்டது. இப்போது புழுக்கம்தான் ஆளைக் கொல்கிறது. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் வரவில்லை.

எட்டு மாடி முதியோர் குடியிருப்பு இது. வருமானத்தில் 30 விழுக்காடுதான் வாடகை, மிச்சத்தை அரசு கொடுக்கிறது. மேலே வீடுகளில் இருக்க முடியாமல் பாதிப் பேர் கீழ்த்தளக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். மடக்கு நாற்காலி, தலையணை, மருந்து டப்பா, ஒரு பூனைக்கூடை. வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. விசிறிக்கொள்ளத் தேவாலயத்து அட்டை விசிறிகள்.

பின்பக்கம் கம்பிவேலிக்குள் டீசல் ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தீ எச்சரிக்கை மணி, நடைவழி விளக்கு, ஒரே ஒரு லிஃப்ட், கூடத்தில் ஒரு பிளக் பாயின்ட், அதோடு சரி. தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற என்ன வேண்டுமோ அதற்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்கியது. வெளியேற முடியாதவர்கள் மூன்று நாள் உள்ளேயே கிடக்க வேண்டி வந்தால்? அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நடைவழியில் பகலிலும் விளக்கு எரிகிறது. கதவைத் திறந்து வீட்டுக்குள் போனால் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடியிருக்கிறது.

காவலாளி மேசைக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது அந்தப் பிளக் பாயின்ட். கூடத்தில் கரண்ட் வருவது அதில் மட்டும்தான். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதைச் சுற்றி ஏழெட்டு செல்போன்கள், ஒரு பேட்டரி சக்கர நாற்காலி, ஓரமாக ஆறாம் மாடிக்காரரின் ஆக்சிஜன் மெஷின். முன்னூறு சொச்சம் வாட் இழுக்கும் மெஷின். நம் வீட்டு மிக்சி அதைவிடக் கூடுதலாகத் தின்னும். மூக்கில் குழாயோடு அவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். யாராவது போன் செருக வந்தால் உள்ளங்கையால் தன் ஒயரை மறைத்துக்கொள்கிறார். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ராத்திரி படுக்க மேலே போனால் சிலிண்டர்தான். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விட்டால் ஒரு சிலிண்டர் ஐந்து மணி நேரம் வரும். பக்கத்தில் நிற்கும் சிலிண்டரின் முள்ளை விரலால் தட்டிப் பார்க்கிறார். கொஞ்சம் கழித்து மறுபடியும் தட்டுகிறார்.

எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவுகிறார். ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டது. இன்சுலின் பேனாக்களைப் பிளாஸ்டிக் பையோடு வெளியே எடுத்து முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் துடைக்கிறார். எடுத்துப் பயன்படுத்தும் இன்சுலின் 30 டிகிரிக்குள் இருந்தால் சில வாரம் கெடாது. மேலே அவர் வீட்டில் அந்தச் சூடு எப்போதோ தாண்டியிருக்கும்.

மின் நிறுவனத்தின் மின்வெட்டு வரைபடம் முடங்கிக் கிடக்கிறது. எங்கே கரண்ட் வந்திருக்கிறது என்று ஊரே பார்ப்பது வாட்டபர்கர் என்ற பர்கர் கடைகளின் செயலியில். திறந்திருக்கும் கடை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். பேத்தி ஒருத்தி பாட்டியிடம் போனைக் காட்டுகிறாள். நம் தெருப்பக்கம் எல்லாமே சாம்பல் நிறம்.

மகன் ஒருவர் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் காரிலிருந்து இறக்குகிறார். அம்மா நான்காம் மாடி. பெட்டியில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வாசல், ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளித்தான் ஓட்ட வேண்டும், புகை உள்ளே போனால் ஆள் தூக்கத்திலேயே முடிந்துவிடுவார். தனிவீட்டுக்காரருக்கு எழுதிய அறிவுரை அது. அண்ணாந்து நான்காம் மாடியைப் பார்க்கிறார், கையிலிருக்கும் ஒயரைப் பார்க்கிறார், மெஷினைத் திரும்பக் காரில் ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் காரில் ஏறிவிட்டார். கார் உள்ள பிள்ளை இருந்தால் அது ஒரு வழி.

(புயல் ஓய்ந்த பிறகு ஊரில் பெரிய சண்டை நடந்தது. அதே மின் நிறுவனம் முன்பே சுமார் 80 கோடி டாலரில் ராட்சத ஜெனரேட்டர்களைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தது. பெரிலின்போது அவை இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. இப்படி ஒரு கட்டடத்துக்கு அவசரமாக இழுத்துவரும் அளவிலும் இல்லை.)

ஃப்ளோரிடாவில் 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு, ஏசி நின்றுபோன ஒரு பராமரிப்பு இல்லத்தில் 12 முதியவர்கள் இறந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் கரண்ட் உள்ள ஆஸ்பத்திரி. அதன் பின்தான் பராமரிப்பு இல்லங்களில் 96 மணி நேரம் 27 டிகிரிக்குமேல் போகாமல் குளிர வைக்க ஜெனரேட்டர் வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. வாடகை கொடுத்துத் தாமே சமைத்துக்கொள்ளும் இந்த மாதிரி முதியோர் குடியிருப்பு அங்கே இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆக்சிஜன் குழாய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மூன்று மணி வாக்கில் ஒரு பேருந்து வருகிறது. ஏசி உள்ள நூலகத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். ஐந்தாறு பேர் எழுந்திருக்கிறார்கள். பூனைக்காரம்மா அசையவில்லை. ஆறாம் மாடிக்காரர் முதல் தடவையாக வாய் திறக்கிறார்.

“அங்கே பிளக் பாயின்ட் இருக்குமா?”

“தெரியலையே ஐயா, கேட்டுச் சொல்றேன்.” ஓட்டுநர் போன் போட்டுப் பேசிவிட்டுத் திரும்புகிறார். “இருக்காம். ஆனா ஆறு மணிக்குப் பூட்டிருவாங்களாம்.”

“அப்போ ஏத்துங்க” என்கிறார் பெரியவர். மெஷினைப் பிடுங்கிச் சிலிண்டருக்குக் குழாயை மாற்ற, காவலாளி வந்து குனிகிறார். காலியான துளையில் யாரோ அதற்குள் போனைச் செருகியாயிற்று.