எதிர் வருவோரின் கண்

இருளில் பயணம் செய்வோர் கூடுதல் வெளிச்சத்தை நாடுவது இயல்பு. ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு அந்நாட்டம் தேவையாகவே மாறிவிடுகிறது. வயது ஏற ஏறக் கண்மணி இருளில் முன்போல் விரிவதில்லை. விழிவில்லையும் மஞ்சள் படிந்து மங்குகிறது. இளமையில் போதுமானதாயிருந்த 35 வாட் முகப்பு விளக்கு இன்று எனக்குப் போதவில்லை. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையிலோ 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நோயுற்றோரிடமிருந்து இரவில் அழைப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க இயலாது. ஆகவே என் மோட்டார் சைக்கிளில் இரு துணை விளக்குகளைப் பொருத்தினேன்.

இது ஆடம்பரமன்று என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பற்ற ஒரு நொடி ஆகும். அதன்பின் வண்டி நிற்க உலர்ந்த சாலையிலும் சுமார் 20 மீட்டர் வேண்டும். சாலையில் படுத்திருக்கும் மாடு 40 மீட்டருக்கு முன்பே கண்ணில் படாவிட்டால், அதன்மேல் மோதுவதைத் தவிர்ப்பது கடினம்.

ஆயினும் வெளிச்சத்துக்கும் விலையுண்டு. 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைப் பொருத்தினால், 12 வோல்ட் மின்சுற்றில் அவை 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய வண்டியின் பேட்டரி விரைவில் வடிந்துவிடும். 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் போதும். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மின்சாரம் ரிலேவுக்கு வந்து விளக்குகளைச் சேர்கிறது. சுவிட்சின் வழியே ஓடும் சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்க மட்டுமே பயன்படுகிறது.

இணைப்பு வேலை முடிந்ததும், சமதரையில், சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினார் மெக்கானிக். “ஏறி உக்காருங்க சாமி. ஆள் உக்காந்தாத்தான் பின்பக்கம் அமுங்கும், லைட்டு மேல தூக்கும்” என்றார். விளக்கின் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து, ஒளியின் நடு அக்கோட்டுக்குக் கீழே விழும்வரை விளக்குகளைத் தாழ்த்தினார். ரிலேயை இயக்கும் கம்பியை ‘ஹைபீம்’ கம்பியோடு இணைத்தார். முகப்பு விளக்கை ‘டிம்’ செய்தவுடன் துணை விளக்குகளும் அணைந்துவிடும்.

அவர் செய்ததற்குச் சட்டத்திலும் ஆதாரம் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட வேண்டும் என்கிறது. விளக்குக்கு உரியவனுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்று அவ்விதி கேட்கவில்லை. எதிரே வருபவரின் கண்ணையே அது அளவுகோலாகக் கொள்கிறது.

இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. கூசிய கண் தெளியச் சில நொடிகள் ஆகும். இருளுக்கு அது முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகலாம். மூன்று நொடிகள் பார்வை மறைந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 50 மீட்டர் தூரம் சாலையைக் காணாமலே கடந்துவிடுவார். அவர் வருவது என்னை நோக்கித்தான். அவர் பார்வையைப் பறித்துவிட்டு நான் மட்டும் பாதுகாப்பாய்ச் செல்வேன் என்பது மாயை.

எதிரே மற்றொரு வண்டி வரும்போது ஒளியைத் தாழ்த்துவது ஒருவகைக் கைம்மாறு, அவரும் தாழ்த்துவார். ஆனால் விளக்கில்லாத மிதிவண்டியில் வருபவரிடமும், விறகுக்கட்டோடு சாலையோரமாய் நடந்து வரும் தாயிடமும் பதிலுக்குத் தாழ்த்த ஒளி ஏது? வெளிச்சம் மிகுதியாக வைத்திருப்பவர்கள் முதலில் ஒளியைத் தாழ்த்த வேண்டியது அத்தகையோருக்காகத்தான். அதற்குக் கட்டைவிரலின் ஓர் அசைவு போதும்.