ஒரே மாவட்டம், இரண்டு மழை

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் மின்சார ரயில்கள் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பிரிகின்றன. ஒன்று மேற்கே திருவள்ளூருக்கு, இன்னொன்று வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு. ஆடி மாத மாலையில் திருவள்ளூரில் இறங்குபவர் குடையைத் தேடுவார். அதே நேரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வருபவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாவட்டம்!

காரணம் கடல்தான். பகலில் நிலம் சூடேறியதும் வங்கக் கடலின் ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றோடு அது முட்டும் இடம், பல நாள்களில் கடற்கரையைத் தாண்டி உள்ளே தள்ளி அமைகிறது. முட்டிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. மேகம் கோபுரமாக வளர்ந்து, 10 கிலோமீட்டருக்கும் மேலே போகிறது. அந்த உயரத்தின் கடுங்குளிரில் உருவாகும் பனித்துகள்கள் கனத்து விழுந்து, வரும் வழியில் உருகி மழையாகின்றன. உருக நேரமில்லாமல் வந்து விழுவதுதான் ஆலங்கட்டி.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. வடகிழக்குக் காற்று நேரே கடலிலிருந்து வருகிறது. பழவேற்காடு, எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கம்தான் முதல் அடி. இந்த மேகங்களில் பனி இல்லாமலேயே மழை உருவாகலாம். துளியோடு துளி மோதி ஒட்டிக்கொண்டே வந்தால் போதும். ஒரு சாதாரண மழைத்துளி உருவாக ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். ஒவ்வொரு மேகத்துளிக்கும் உப்போ, தூசியோ, புகையோ ஒரு கருவாக வேண்டும். அப்படியானால் ஆலைப்புகை மழையைக் கூட்டுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கரு அதிகமானால் துளிகள் பொடிப்பொடியாகி, ஒன்றுசேரவே தாமதமாகும்.

பெய்ததை அளப்பது எப்படி? அந்தக் காலத்தில் ‘ஒரு உழவு மழை’ என்றார்கள். ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்தால் அது ஒரு உழவு. விவசாயிக்கு அதைவிடப் பயனுள்ள கணக்கு இருக்க முடியாது. ஆனால் அணைக்கு அது போதாது. அதனால் வந்தது மழைமானி. மேலே புனல், உள்ளே பாத்திரம், அளக்க ஒரு கண்ணாடிக் குடுவை, அவ்வளவுதான். பக்கத்தில் கட்டடமோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். 9 மணிக்குக் கொட்டிய மழை மறுநாள் கணக்கில்தான் வரும். ‘நேற்று அடித்த மழையை இன்றைக்குச் சொல்கிறார்களே’ என்று டிவியைத் திட்டுவதில் நியாயமில்லை.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். சிப்காட்டில் ஒரு ஏக்கர் தகரக்கூரை மீது 1 சென்டிமீட்டர் பெய்தாலே 40,000 லிட்டர்! 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்றை நிரப்பி, மிச்சமும் இருக்கும். அத்தனையும் சாக்கடைக்குப் போகிறதா, தொட்டிக்குப் போகிறதா என்பது கூரைக் குழாயை எங்கே திருப்பிவிட்டார்கள் என்பதில் இருக்கிறது.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. அலைகளை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்புவதை வைத்து மழையைக் கணிக்கிறது. ஆனாலும் அது கணிப்புதான். தரையில் விழுந்தது எவ்வளவு என்று மழைமானிதான் சொல்ல வேண்டும். கருவி ஓரிடத்தில், மழை ஓரிடத்தில் என்று ஆகிவிட்டால் கணக்கே தப்பும்.

பூண்டியில் அந்தக் கணக்குக்கு விலை அதிகம். 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய இந்த ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆந்திரப் பக்கம் பெய்யும் மழையும் நகரி ஆறு வழியாக இங்கேதான் வருகிறது. மேலே எவ்வளவு பெய்தது என்று நேரத்தோடு தெரிந்தால், ஷட்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். தெரியாவிட்டால் ஒரேயடியாகத் திறக்க வேண்டிவரும். கீழே மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் என்று வழிநெடுக வீடுகள் இருக்கின்றன.