காந்தம் ஒட்டாத இடம்

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். ஏதோ பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. துணியில் சுற்றி, காரின் கூரை மேல் வைத்தார். ஒட்டிக்கொண்டது. பானெட்டில் வைத்தார். ஒட்டியது. இடது கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். காந்தம் மண்ணில் விழுந்தது.

''இங்க தகரமே இல்ல சார். பூரா பட்டி. யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க.''

நான் பேசாமல் நின்றேன். அந்த 'யாரோ' நான்தான்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது பாயின் பட்டறை. கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ், நிழலுக்கு ஒரு வேப்பமரம். 2023 டிசம்பரில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்த பிறகு, ராத்திரி முழுக்க பஸ் ஹாரன் கேட்கிறதாம். அங்கேதான் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. 1969 மாடல், நாலு கதவு.

அந்தக் காருக்கு இது பிறந்த ஊர் மாதிரி. ஆறேழு கிலோமீட்டரில் பெருங்களத்தூர். அங்கே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில்தான் 1961 முதல் 1971 வரை ஹெரால்டு தயாரானது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். அங்கே கதவு இரண்டுதான். 1968-ல் நம்ம ஊர் ஆட்கள்தான் நாலு கதவு வைத்தார்கள். மாமியார், மச்சினி, குழந்தைகள் எல்லாம் ஏறி இறங்க வேண்டாமா? 1988-ல் கார் தயாரிப்பு நின்றது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்கள் நிற்கின்றன.

அப்பா இறந்து மூன்று வருடம் கழித்து, 2001-ல் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். காரை விற்கலாம் என்றால், கதவுக்குக் கீழே துரு தின்று கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஒரு பட்டறையில் விட்டேன். ''தகரம் வெச்சு வெல்டிங் பண்ணணுமா, இல்ல பட்டி போட்டு மூடணுமா?'' என்று கேட்டார்கள். எது மலிவு என்று கேட்டேன். இரண்டே நாள். கார் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது. ஊரப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு ரிடையர்டு வாத்தியார் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

போன வருடம் அவருடைய மகன் போன் செய்தார். ''அப்பா தவறிட்டாரு சார். வண்டியை வித்தா உங்ககிட்டதான் விக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு.'' கேட்ட விலை, பழைய இரும்பு விலைதான்.

பாய் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். தேங்காய்ச் சில்லு மாதிரி பட்டி பெயர்ந்து வந்தது. ஒரு அங்குலக் கனம். அதற்குப் பின்னால் பந்து பந்தாகச் சுருட்டி அடைத்த நியூஸ் பேப்பர். ஒன்றைப் பிரித்தேன். மஞ்சளாகி, துருக்கறை படிந்திருந்தாலும் வருடத்தைப் படிக்க முடிந்தது. 2001.

வேலை மூன்று மாதம் நடந்தது. சனி, ஞாயிறு நான் போய் உட்கார்ந்து பார்ப்பேன். பட்டி என்பது ஏமாற்று வேலை இல்லை என்று அங்கேதான் புரிந்தது. தகரத்தைத் தட்டி நிமிர்த்திய பிறகும் கொஞ்சம் மேடு பள்ளம் இருக்குமல்லவா, அதைச் சமன் செய்யத்தான் அது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பாய் போட மாட்டார். நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் ஹார்ட்னர். நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும். ''சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி சார். ஜாஸ்தியாப் போட்டா பின்னாடி பெயின்ட்டுல கறை எழும்பும்.''

பட்டியில் பாதிக்குப் பாதி, முகத்துக்குப் போடுகிற பவுடரில் இருக்குமே, அந்த டால்க் வகையறாதான். ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் அடியில் இருக்கிற தகரத்தைப் போய்ச் சேரும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு. பெயின்ட்டில் கொப்புளம் வரும்போதுதான் தெரியும்.

அதனால் பாய் முதலில் துருப்பிடித்ததை எல்லாம் வெட்டி எறிந்தார். புதுத் தகரம் வைத்து வெல்டிங். வெள்ளை வெளேர் என்று வரும் வரை கிரைண்டிங். நான் ஆசையாகத் தடவப் போனேன். ''கையை எடுங்க சார்! வேர்வையில உப்பு இருக்கு. நாளைக்கே உங்க அஞ்சு விரலும் துருவா தெரியும்'' என்று அதட்டினார். தின்னரில் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். அதுவும் இரண்டு டப்பாதான். ஒன்று பிசின், ஒன்று ஹார்ட்னர். டப்பாவில் போட்டிருக்கிற அளவில் கலந்து, அரை மணி நேரம் ஆறவிட்டு அடித்தார். இறுகிவிட்டால் தண்ணீர் லேசில் உள்ளே போகாது. மறுநாள் அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அதன் மேல்தான் பட்டி. பட்டியைத் தேய்த்து வழித்த பிறகு மறுபடி எபாக்ஸி. வெறும் தகரத்திலேயே பட்டி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டி நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால், நம்ம ஊர் மழைக்கும் கடல் காற்றுக்கும் தகரத்துக்கு முதலில் ஒரு சட்டை போட்டுவிட வேண்டும் என்பது பாயின் கட்சி.

''ஆனா ஒண்ணு சார், துரு மேல எபாக்ஸி அடிச்சா பிரயோஜனம் இல்ல. அது கதவைப் பூட்டும். உள்ள இருக்கிற திருடனைப் பிடிக்காது.''

அன்று வாத்தியாரின் மகனும் வந்திருந்தார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ''தம்பி, அந்தப் பட்டியைப் போட்டது நான்தான். தெரிஞ்சேதான் உங்கப்பாகிட்ட வித்தேன்.''

அவர் சாதாரணமாகச் சொன்னார்: ''அப்பாவுக்குத் தெரியும் சார். வாங்கின வருஷமே ஐப்பசி மழைக்குக் கொப்புளிச்சிடுச்சு. எங்கம்மா, 'போய் கேளுங்க'ன்னு சத்தம் போட்டாங்க. 'அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னுதானே அந்தப் பையன் வித்தான்? போய்க் கேட்டா, எங்கேர்ந்து திருப்பிக் கொடுப்பான்?'னுட்டாரு.''

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வீட்டு வாசலைத் தாண்டி எத்தனை முறை செங்கல்பட்டு போய் வந்திருக்கிறேன். ஒரு நாள் இறங்கி, ''வண்டி எப்படி ஓடுது சார்?'' என்று கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கார் சக்கரம் முங்க நின்றதாம். அதற்கு அப்புறமும் அவர் அதை இரும்புக்குப் போடவில்லை.

எனக்குக் கண் கலங்கியது. பாய் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாளியில் ஊறிக்கொண்டிருந்த வாட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

''சும்மா உட்காராதீங்க சார். அந்தப் பக்கத்தை நீங்க தேயுங்க. அழுத்தாம, ஒரே சீரா.''

தேய்த்தேன். சாயங்காலம் வரை தேய்த்தேன். விரல் நுனி எரிந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பாய் மறுபடி காந்தத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தார். மெல்லிசாகப் போட்ட பட்டியைத் தாண்டி, அது தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வண்டி தயாரானதும் வாத்தியாரின் மகனைத்தான் முதலில் முன் சீட்டில் உட்கார வைத்து, பெருங்களத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போனேன். பழைய இரும்பு விலைக்கு மேல் எவ்வளவு கொடுக்க நினைத்தேனோ, அதை ஒரு கவரில் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

''மழை வந்தா ஒரு தடவை எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க சார். கொப்புளம் வரலைன்னு அம்மாகிட்ட காட்டணும்'' என்றார்.

ஐப்பசிக்காகக் காத்திருக்கிறேன்.